மூணாம் நம்பர் முந்தானை

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. இது நடந்த வருஷம் பாலாற்றில் ஓடிய தண்ணீர்மேல் சத்தியம். ஒரு தடவை போதாது என்பவர்களுக்காக, அந்தத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி நின்று, இரண்டு கையாலும் அள்ளி, இன்னொரு தடவையும் சத்தியம். இதற்கு மேலும் சந்தேகப்படுகிறவர்கள் ஆம்பூர்க்காரர்களாக இருக்க முடியாது. வாணியம்பாடி ஆட்களாகத்தான் இருப்பார்கள்.

எண்பதுகள் தொடங்கியிருந்த சமயம். ஆம்பூரைச் சுற்றி ஷூ கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூரை போட்டுக்கொண்டிருந்தன. காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்கள் வந்து ஊரை ஒரு வழி வழித்துக்கொண்டு போகும். அதற்குப் பிறகு தெருவில் மிஞ்சுவது கோழிகளும் கைக்குழந்தைகளும்தான். ஊசி கோக்கத் தெரிந்த பெண்ணெல்லாம் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டதால், அன்றைய ஆம்பூரில் வைரம் கேட்டால்கூட யாராவது காட்டுவார்கள். பிள்ளை பார்த்துக்கொள்ள ஆள் கேட்டால் சிரிப்பார்கள். மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் ஆபீசர், பிள்ளை பார்க்க வந்த அம்மாள் கேட்டதைக் கேட்டுவிட்டு, இதற்கு மெட்ராஸே மலிவு என்று கட்டின பெட்டியைப் பிரிக்காமல் அடுத்த ரயிலில் திரும்பிப் போனார். வழியனுப்பப் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த ஊரில்தான் நந்தகோபாலுக்கு அவசரமாக ஓர் ஆள் தேவைப்பட்டது.

நந்தகோபால் ஒரு டேனரியில் செலக்ஷன் மேஸ்திரி. பதனிட்டு வருகிற தோலை ஒவ்வொன்றாகப் புரட்டி, ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிற வேலை. சூட்டுத் தழும்பு, முள் கீறல், உண்ணிக் கடி, கத்தி பட்ட இடம் எல்லாம் அவன் விரலுக்குத் தப்பாது. ஒன்று என்றால் கப்பலேறி வெள்ளைக்காரன் காலுக்குப் போகும். மூன்று என்றால் உள்பக்கம் வைத்துத் தைக்கத்தான் ஆகும். ஆறு என்றால் கழிவு. பார்த்து முடித்ததும் தோலைத் திருப்பி, பின்பக்கத்தில் நீல மெழுகுச் சாக்பீஸால் நம்பர் போட்டுவிடுவான். தண்ணீரில் ஊறப்போட்டாலும் போகாத சாக்பீஸ் அது.

அவன் விரல் எப்பேர்ப்பட்டது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆட்டுத்தோலைத் தடவி, "ஆலங்காயம் மலையடிவாரத்து ஆடு. எடது கண்ணு கொஞ்சம் மங்கல். மேச்சவனுக்கு ரெண்டு பொண்டாட்டி" என்றான். ஆள் அனுப்பி விசாரித்தார்கள். ஆடு சரி, கண் சரி, ஆனால் மேய்த்தவனுக்கு மூன்று பெண்டாட்டி. நந்தகோபால் முதல்முறையாகத் தோற்றுவிட்டான் என்று டேனரியே குதித்தது. மூன்றாவது கல்யாண விருந்துக்குத்தான் அந்த ஆட்டையே வெட்டினார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

இப்படிப்பட்ட கைக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதைப் பார்த்தாலும் நம்பர் போட்டுவிடும். வீட்டில் தேங்காய்க்கு நம்பர், தலையணைக்கு நம்பர், மாமனார் சீராகக் கொடுத்த சுவர்க்கடிகாரத்துக்கு நம்பர் (நாலு). குடியாத்தத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று அவன் அம்மா சட்டைப்பையைத் தடவிப்பார்த்துச் சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டுதான் பஸ் ஏற்றினாள்.

அப்படிப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தவள்தான் அம்சவேணி. தறிக்கார வீட்டுப் பெண். காலில் தாளம் இருந்ததால் ஷூ கம்பெனியில் சேர்ந்த மூன்றாம் மாதமே ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற மெஷின் கொடுத்தார்கள். பதினேழாம் நம்பர் மெஷின், ஜன்னலோரம். எண்ணெய் விடுவதிலிருந்து நாடா மாற்றுவதுவரை அவளே செய்வாள். பிரசவத்துக்கு வந்த பிறகும் தூளியைக் காலால் ஆட்டும்போது அந்த மெஷின் ஓடுகிற வேகத்தில்தான் ஆட்டினாள். குழந்தை தேன்மொழிக்கு எட்டு மாதம். லீவு முடிந்து, கெஞ்சி வாங்கின லீவும் முடிந்துவிட்டது.

"திங்கக்கெழம ஏழு பத்து பஸ்ல நான் ஏறலன்னா, பதினேழ வேற பொண்ணுக்குக் குடுத்துடுவேன்னு சூப்பர்வைசர் சொல்லி அனுப்பிச்சிட்டாரு" என்றாள் அம்சவேணி, வியாழக்கிழமை களி கிண்டிக்கொண்டே. "அந்த மெஷின் யார் கைக்கும் பணியாது. எனக்குத்தான் பணியும். இன்னாங்க, கேக்குதா?"

"கேக்குது."

"ஊர்ல இருக்கிற ஆட்டுத்தோல எல்லாம் பொறுக்கத் தெரியுதில்ல? ஒரு பொம்பளையப் பொறுக்கிக் குடேன் பாப்பம்."

முதலில் வந்தது ஆலங்காயத்து அம்மாள் ஒருத்தி. குழந்தையைப் பார்க்கவில்லை. அலமாரி மேலிருந்த ரேடியோவைப் பார்த்தாள்.

"சிலோன் வருமா?"

"வரும்" என்றான் நந்தகோபால்.

"கரகரன்னு வருமா, தெளிவா வருமா?"

போட்டுக் காட்டினார்கள். கரகரவென்று வந்தது. "எனக்கு இதெல்லாம் சரிப்படாதுப்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாவது, கணியம்பாடிக்காரி. வெள்ளிக்கிழமை தோறும் பிரியாணி, கூடக் கத்திரிக்காய்த் தொக்கு, நல்லி எலும்பு தனக்கு. நந்தகோபால் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்துத் தேன்மொழி தூக்கம் கலைந்து அழுதாள். அவள் அழுகை லேசுப்பட்டதல்ல. போன மாதம் அவள் அழுதபோது பெங்களூர் மெயில் சிக்னல் இல்லாத இடத்தில் நின்றுவிட்டது. இன்ஜின் டிரைவர் இறங்கி, எதிரே எந்த வண்டி ஊதுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளப்பினார். கணியம்பாடிக்காரி காதைப் பொத்திக்கொண்டு, வெள்ளிக்கிழமை வருவதற்கு முன்பே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வந்தவள் தனகோடி. பாலாற்றுக்கு அக்கரை ஊர். நாற்பத்தைந்து வயசிருக்கும். நனைந்த புடவை ஓரத்தைப் பிழிந்துகொண்டே உள்ளே வந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தூளிக்குப் பக்கத்தில் நின்று மூச்சு விடுகிற சத்தத்தை மட்டும் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"சளி கட்டியிருக்குது. துளசி குடுத்தியாம்மா?"

"குடுத்தேங்க்கா" என்றாள் அம்சவேணி. அவளுக்கு உடனே பிடித்துப்போனது. "நீங்க ஏன்க்கா கம்பெனிக்குப் போகல?"

"போனேன். ஊசி கோக்கக் கண்ணு பத்தலன்னு அனுப்பிச்சிட்டான். பிள்ளையக் கோக்க வேணாமில்ல?"

அம்சவேணி சிரித்தாள். நந்தகோபால் சிரிக்கவில்லை. அவன் கண் தனகோடியின் கைகளில் இருந்தது. இடது முழங்கையில் சூட்டுத் தழும்பு. வலது மணிக்கட்டில் பல் பட்ட வடு. புறங்கை முழுக்க முள் கீறல். கட்டை விரலில் பாதி நகம் இல்லை.

"வூட்ல சொல்லிட்டு, சாயந்தரம் சேதி அனுப்பறேன்" என்று தனகோடி திரும்பினாள்.

திரும்பினதுதான் வினை. பத்து வருஷமாக ஒரு தோலின் முன்பக்கத்தைப் பார்த்து, அது திரும்பினதும் பின்பக்கத்தில் எழுதியே பழகின கை அது. முதுகுப்பக்கம் விரிந்திருந்த முந்தானை கண்ணில் பட்டது. அவ்வளவுதான். அவன் கை எவ்வளவு லேசானது என்றால், தோலுக்கே தெரியாமல் எழுதும். தனகோடிக்கு எப்படித் தெரியும்? அவள் பாட்டுக்குப் படியிறங்கிப் போய்விட்டாள்.

"அந்தக்கா முதுகுல இன்னாங்க அது, நீலமா?" என்றாள் அம்சவேணி வாசலிலிருந்து.

நந்தகோபால் தன் கையைப் பார்த்தான். இரண்டு விரலுக்கு நடுவில் சாக்பீஸ் இருந்தது.

"நம்பரா?"

அவன் சாக்பீஸை அவசரமாகச் சட்டைப்பையில் போட்டான்.

"எத்தினி?"

"மூணு."

வேறு ஊராக இருந்தால் யாரோ பிள்ளை கிறுக்கினது என்று விட்டிருப்பார்கள். ஆம்பூரில் மூணு என்றால் என்னவென்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். தனகோடி மார்க்கெட் வழியாகப் போனாள், மார்க்கெட் சிரித்தது. தோல் மண்டி வழியாகப் போனாள். லோடு ஏற்றுகிறவர்கள் ஏற்றின லோடை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு எதற்கென்று தெரியாமல் அவளும் எல்லாருக்கும் சிரித்துக்கொண்டே போனாள். ஆற்றில் பாதி தூரத்தில் கால் வழுக்கி, கழுத்துவரை முழுகி எழுந்தாள். புடவையின் சாயம்கூடக் கொஞ்சம் போயிற்று. மூணு மட்டும் பளிச்சென்று இருந்தது. அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவள்தான் கடைசியில் உண்மையைச் சொன்னாள்.

சாயந்தரம் சேதி வந்தது. கொண்டு வந்தவர் அதாவுல்லா பாய். இன்னொரு டேனரியில் செலக்ஷன் பார்க்கிறவர். தொழிலில் போட்டி, மற்றபடி தோஸ்த்.

"கோபாலு, இன்னா காரியம் பண்ணி வச்சிருக்கே? அக்கரையே கொதிக்குது. ஞாயித்துக்கெழம காத்தால வர்றாங்களாம்."

"அடிக்கவா பாய்?"

"அடிச்சா பரவால்லியே. மறு செலக்ஷன் கேக்கறாங்க. நடுவரா என்னைக் கூப்ட்டிருக்காங்க."

அது தொழிலில் உள்ள முறை. போட்ட தரத்தில் தகராறு என்றால், சரக்குக்காரர் வேறொரு மேஸ்திரியை நடுவில் வைத்து, காலை வெளிச்சத்தில் மறுபடி பார்க்கச் சொல்லலாம். தரம் போட்டவன் ஒவ்வொரு குறையாகக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் நிற்காவிட்டால் நம்பரைத் திருத்த வேண்டும். ஆனால் இதுவரை சரக்கே நேரில் வந்து கேட்டதில்லை.

சனிக்கிழமை ஒருத்தியும் வரவில்லை. அந்த வீட்டில் ஆளுக்கு நம்பர் போடுகிறார்கள் என்று வேலூர்வரை பேச்சுப் போயிருந்தது. அம்சவேணி சாப்பாட்டுத் தட்டை டங்கென்று வைத்தாள். பெட்டியைத் திறந்து கம்பெனி நீலக் கோட்டை எடுத்து, பார்த்து, மறுபடி மடித்து உள்ளே வைத்தாள். நந்தகோபால் சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தான். அவளாக உள்ளே வைத்த துணி அது. இனிமேல் வெளியே வருமோ வராதோ.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கரையிலிருந்து முப்பது பேர் ஆற்றைக் கடந்து வந்தார்கள். தனகோடி அதே புடவையில் இருந்தாள். அத்தாட்சியை மாற்றக்கூடாது என்று துவைக்காமல் கட்டியிருந்தாள். அதாவுல்லா பாய் வாசலில் நாற்காலி போட்டு, வடக்கு வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, மூணு போட்டியே. காரணம் சொல்லு" என்றாள் தனகோடி.

"யக்கா, கை தவறி..."

"கை தவறி ஒண்ணு போட்டிருக்கலாமில்ல? ஏன் மூணு?"

கூட்டம் ஆமாம் என்றது. நந்தகோபால் அவள் இடது கையைக் காட்டினான்.

"எடது கையில சூட்டுத் தழும்பு."

"தங்கச்சி பையன் கொதிக்கிற சோத்துப் பானைய இழுத்தான். அவன் மேல விழாம நான் கையக் குடுத்தேன். இன்னிக்கு அவன் மொகத்துல ஒரு மச்சம்கூடக் கெடையாது. அப்புறம்?"

"மணிக்கட்டுல கடி."

"ஓரகத்தி பொண்ணு. மொத மொத மொளைச்ச பல்லு சரியா இருக்குதான்னு என் கையிலதான் பாத்துக்கினா. இப்ப பஸ் ஸ்டாண்டுல முறுக்குக் கடை வச்சிருக்கா. பல்லு இன்னும் கெட்டி. அப்புறம்?"

"முள் கீறல்..."

"வேலிக்காத்தான்ல பூந்த புள்ளைய முள்ளுதான் எடுத்துக் குடுக்குமா? நகத்தக் கேப்பியே, அதையும் கேளு."

நந்தகோபால் நகத்தைக் கேட்கவில்லை. அதாவுல்லா பாய் தொண்டையைச் செருமினார்.

"கோபாலு, ஜாஸ்தி பேசினா ஜாஸ்தி மாட்டிக்குவே."

அப்போதுதான் அம்சவேணி வாசல்படியில் வந்து நின்று கேட்டாள். "பாய், எனக்கும் ஒரு கேள்வி இருக்குது. இவரு என்னைப் பொண்ணு பாக்க வந்தாரே, அன்னிக்கு எனக்கு இன்னா நம்பர் போட்டாருன்னு கேளுங்க."

முப்பது பேரும் அவனைப் பார்த்தார்கள்.

"அன்னிக்குச் சாக்பீஸ எங்கம்மா புடுங்கிக்கினாங்க" என்றான் நந்தகோபால், உள்ளதை உள்ளபடி.

அதாவுல்லா பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒண்ணுன்னு சொல்லித் தொலைச்சா இன்னாடா? ஒரே ஒரு வார்த்தை!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஒருத்தரும் தேன்மொழியைப் பார்க்கவில்லை. அவள் தவழ்ந்து போய், நந்தகோபாலின் பையிலிருந்து நழுவிக் கீழே கிடந்த சாக்பீஸை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். முதலில் உதடு நீலமானது. அப்புறம் சத்தம் நின்றது. எப்போதும் ஊரைக் கூட்டுகிற பிள்ளையிடமிருந்து ஒரு மூச்சுச் சத்தமும் இல்லை. அம்சவேணி "ஐயோ" என்று ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் தனகோடி அங்கே இருந்தாள். குழந்தையைக் குப்புற முன்கையில் போட்டு, முதுகில் இரண்டு தட்டு. வாய்க்கு வந்த துண்டை ஒற்றை விரலால் கொக்கி போட்டு வெளியே எடுத்தாள். தேன்மொழி அந்த விரலை, இருக்கிற இரண்டு பல்லாலும் கடித்தாள். கடித்துவிட்டு அழுதாள். ரயில்வே கேட்காரன் கேட்டைச் சாத்திவிட்டான்.

அம்சவேணி பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டி, நீட்டின கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தனகோடி விரலைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு புள்ளியாக ரத்தம்.

"எழுதிக்கோ தம்பி. இன்னொரு குறை."

அதாவுல்லா பாய் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். "ஒண்ணாம் நம்பர். இதுல பேச்சே கெடையாது. திருத்திப் போடு."

நந்தகோபால் தரையிலிருந்த சாக்பீஸ் துண்டைத் துடைத்து எடுத்து, மூணை அடித்து, பக்கத்தில் ஒன்று போட்டான். முறைப்படி திருத்தின இடத்தில் கையெழுத்தும் போட வேண்டும். போடக் குனிந்தான்.

"நில்லு" என்றாள் அம்சவேணி, தரையில் உட்கார்ந்தபடியே. "எம் புருஷன் கையெழுத்து இன்னொருத்தி முந்தானையில எதுக்கு? குடு இங்க."

எழுந்து வந்து அவளே போட்டாள். சாக்பீஸைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

தனகோடி அத்தோடு விடவில்லை. "நீங்க என்னைப் பாத்தாச்சு. நான் வூட்டப் பாக்க வேணாமா?" என்று உள்ளே போனாள். தூளி முடிச்சை இழுத்துப் பார்த்தாள், பால் புட்டியை மோந்து பார்த்தாள், குடிதண்ணீர்க் குடத்தில் எட்டிப் பார்த்தாள். வெளியே வந்து சொன்னாள்: "எனக்கு மொதலாளி அம்சாதான், இவரு இல்ல. டேனரி கையோட புள்ளையத் தொடக்கூடாது. முழங்கை வரைக்கும் சீயக்கா போட்டுக் கழுவணும். சாக்பீஸு இந்த வாசப்படியத் தாண்டக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் அம்சவேணி.

"ரேடியோவுல சிலோன் கரகரன்னுதான் வரும்" என்றான் நந்தகோபால், பின்னால் தகராறு வரக்கூடாதென்று.

"எனக்குப் பாட்டே புடிக்காது."

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் மேற்கே, ஆந்திரா பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. திங்கள் விடிந்து பார்த்தால் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. செம்மண் வெள்ளம், நடுவில் தென்னை மரம் ஒன்று நின்ற வாக்கிலேயே போகிறது.

அம்சவேணி நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸோடும் குழந்தையோடும் கரையில் நின்றாள். நந்தகோபால் பக்கத்தில் நின்றான். ஏழு மணி. அக்கரையில் ஒரு புள்ளியும் தெரியவில்லை. ஏழு ஐந்து. தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது.

"நான் வேணா இன்னிக்கு டேனரிக்கு லீவு..." என்றான் நந்தகோபால்.

"இன்னிக்கு லீவு போடுவே. நாளைக்கு?" அவள் கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.

"அம்சா, அங்க பாரு."

தண்ணீரில் ஒரு கறுப்புக் குடை வந்துகொண்டிருந்தது. குடைக்குக் கீழே தனகோடி. தனகோடிக்குக் கீழே ஓர் எருமை. எருமை மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிற மாதிரி நீந்தி வந்தது. தனகோடி சேர்ந்தாற்போல் இரண்டு காலையும் ஒரு பக்கம் போட்டு, மடியில் வெற்றிலைப் பையோடு, பஸ் சீட்டில் உட்கார்ந்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் நின்ற பஸ்ஸில் பெண்களெல்லாம் பார்ப்பதற்காக ஒரே பக்கம் சாய, பஸ்ஸும் அந்தப் பக்கமே சாய்ந்தது. டிரைவர் மறுபக்கம் இறங்கி முட்டுக் கொடுத்தார்.

ஏழு ஒன்பதுக்கு எருமை கரையேறியது. தனகோடி இறங்கி, குடையை மடக்கி, கையை நீட்டினாள்.

"குடும்மா. பஸ்ஸப் புடி."

தேன்மொழி அழ வாயைத் திறந்தாள். தனகோடி நேற்றுக் கடிபட்ட அதே விரலைக் கொடுத்தாள். பிள்ளை பழைய இடத்திலேயே பல்லை வைத்துக்கொண்டு அமைதியானது. அம்சவேணி நான்கு எட்டு ஓடி, திரும்பி வந்து பிள்ளையின் காலைத் தொட்டுவிட்டு, மறுபடி ஓடினாள். ஓடுகிற அவசரத்தில் புருஷன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "வர்றேங்க" என்றாள். கல்யாணமாகி அவள் அப்படித் தட்டினதே இல்லை. நந்தகோபாலுக்கு அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

டேனரியில் அன்று எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் எல்லாருக்கும் சிரித்தான். சாயந்தரம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினபோதுதான் பார்த்தான். முதுகில் நீலமாக, சாண் உயரத்துக்கு ஆறாம் நம்பர். ஆறின் வயிற்றைச் சுழித்திருந்த அழகைப் பார்த்தால், குடியாத்தத்துக்காரி கை.

அம்சவேணி பதினேழாம் நம்பர் மெஷினில் முப்பது வருஷம் தைத்தாள். தனகோடி அந்த வீட்டில் மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். திங்கட்கிழமை தோறும் எருமைமேல்தான் வந்தாள்.

அந்த வருஷம் பாலாற்றில், பொங்கலிலிருந்து மறு பொங்கல் வரைக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் ஓடவில்லை.